நீலமலை இருப்புப்பாதையும் வயநாட்டுப் பொன்னும்

கொங்கு நாட்டின் வடமேற்கெல்லையில் வானளாவி நிற்பது நீலமலை. அவிநாசியையும் திருமுருகன்பூண்டியையும் வழிபட வரும் அன்பர்கள், மழை ஓய்ந்து வானம் தெளிந்த நாளிலே அத்திசை நோக்குவாராயின், மேகத்தோடு மேகமாய்க் கிடக்கும் அத்தொடரைக் கண்டு மகிழலாம். இக்கும்பாபிஷேக மலரில் தலவரலாறும், மூர்த்தி விசேடமும், திருமுறைச் சிறப்பும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நாட்டு வரலாற்றில் ஏதேனும் ஒன்றுபற்றி எழுதுமாறு திருப்பணிக் குழுவினர் எளியேனைப் பணித்தனர். நம் ஊரவர் பலரும் ஏறிச் சென்றுள்ள மலைப் புகைவண்டியின் தொடக்க வரலாற்றை எழுத எண்ணினேன். ஏடுகளைப் புரட்டியபோது, அவ்வண்டி பற்றிய எண்ணம் உருவாகி வந்த அதே ஆண்டுகளில், அம்மலையின் மேற்குச் சரிவிலே பொன் தேடிச் சில சுரங்க ஊர்கள் எழுந்து, எழுந்த வேகத்திலேயே அடங்கிய செய்தியும் உடன் வந்தது. ஒன்றை விட்டு ஒன்றைக் கூறின் இரண்டும் குறைபடும் எனத் தோன்றியமையால் இரண்டையும் சேர்த்தே கூறலானேன்.

கொங்கு நாட்டார்க்குப் பொன்னும் மணியும் புதியன அல்ல. காங்கயத்தை அடுத்த படியூரில் பச்சைமணிக் கல் எடுத்த செய்தி யாவரும் அறிந்ததே. நொய்யற்கரைக் கொடுமணலில் நிலத்தை அகழ்ந்த ஆராய்ச்சியாளர், மணிகளை அறுத்துப் பட்டை தீட்டித் துளையிட்ட தொழிற்கூடங்களின் எச்சங்களைக் கண்டெடுத்தனர். உரோமாபுரி நாணயங்கள் இந்நாட்டிற் கிடைத்த அளவு தென்னாட்டில் வேறெங்கும் மிகுதியாகக் கிடைத்தில. இவையெல்லாம் பாலைக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைக்கும் கீழை நாட்டுக்கும் இடையே நடந்த வாணிகத்தின் அடையாளங்கள். சேரமான் பெருமாள் நாயனார் அளித்த பொன்னைச் சுமப்பித்துக்கொண்டு சுந்தரமூர்த்தி சுவாமிகள் கொடுங்கோளூரினின்றும் மீண்டதும், திருமுருகன்பூண்டி அருகே சிவபூதங்கள் வேட்டுவ வடிவில் வந்து அப்பொன்னைப் பறித்ததும், சுவாமிகள் பதிகம் பாடிப் பெற்றதும் பெரியபுராணம் ஓதுவார்க்குப் புதியன அல்ல. மேற்கேயிருந்து பொன் வரும் வழி இதுவே என்பதை அவ்வரலாறு நமக்குத் தொன்றுதொட்டே உணர்த்திவருகிறது.

ஆயினும் நீலமலையின் உச்சிக்கும் கொங்குச் சமவெளிக்கும் அக்காலத்தில் நெருங்கிய போக்குவரவு இருந்ததில்லை. தொதுவரும், படகரும், கோத்தரும், குறும்பரும், இருளரும் தத்தமக்குரிய இடங்களில் வாழ்ந்தனர். ஒற்றையடிப் பாதைகள் சில இருந்தன. 1812-ஆம் ஆண்டில் நிலம் அளக்கவும், 1818-இல் சுற்றிப் பார்க்கவும் ஆங்கிலேயர் சிலர் ஏறினர். 1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் தாமே ஏறிச் சென்று, அம்மலையின் குளிர்ச்சியிலே ஈடுபட்டு, பின்னர் உதகையில் கல்வீடு ஒன்றும் கட்டினார். அந்நாளில் நீலமலை கோயமுத்தூர்ச் சில்லாவைச் சேர்ந்திருந்தது. 1868-இல்தான் அது தனியே பிரிக்கப்பட்டது. முதலிற் கோத்தகிரி வழியாகவும், 1830-க்குப் பின் குன்னூர்க் கணவாய் வழியாகவும் பாதைகள் அமைந்தன. வண்டிகள் செல்லத்தக்க சாய்வுடைய புதிய குன்னூர்ச் சாலை 1871-ஆம் ஆண்டளவில் முடிவுற்றது.

இனி இருப்புப்பாதை. சென்னையினின்றும் ஆற்காட்டுப் பக்கம் முதற் புகைவண்டி ஓடியது 1856-இல். அப்பாதை மேற்கு நோக்கி வளர்ந்து, ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியே மலையாளக் கரையிலுள்ள பேய்ப்பூரை 1862-இல் எட்டியது. திருப்பூர் இன்றைய பெருநகராதற்குப் போடப்பட்ட கால்கோள் அதுவே எனினும் பிழையன்று. நொய்யற்கரைச் சிற்றூராயிருந்த ஒன்று பஞ்சுச் சந்தையாகி, அரைவை ஆலைகளின் இடமாகி, 1920-களில் பின்னலாடைத் தொழிலைக் கண்டு, 2009-இல் தனி மாவட்டத் தலைநகரானது அவ்வழி வந்த வளர்ச்சிதான். 1873-இல் போத்தனூரினின்றும் மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கிளை பிரிந்தது. அதனோடு சமவெளிப் பாதை நின்றுவிட்டது. அதற்குமேல் மாட்டுவண்டி, குதிரைகள் பூட்டிய டாங்கா, ஆள்கள் தூக்கும் நாற்காலி ஆகியவையே துணை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு 1,070 அடி உயரத்திலுள்ளது. குன்னூர் 5,600 அடி. உதகை 7,200 அடிக்கு மேல். சமவெளி வண்டி ஏறத்தக்க சாய்வு அவ்வழியில் எங்குமில்லை.

மலைமேல் இருப்புப்பாதை அமைக்கவேண்டும் என்னும் பேச்சு 1854-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. அஃதாவது, சென்னையில் முதல் வண்டி ஓடுவதற்கு ஈராண்டுகட்கு முன்னரே! வழி தெரியாத ஆசை அது. வழி தெரிந்தது சுவிட்சர்லாந்து நாட்டிலே. அந்நாட்டுப் பொறியறிஞர் நிக்லவுஸ் ரிக்கன்பாக் என்பவர், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஏணிபோன்ற இரும்புப் பற்களைப் பதித்து, வண்டியின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைப் பற்றி ஏறுமாறு செய்து, 1871-இல் ரிகி என்னும் மலைமேல் வண்டி ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவிலும் வாஷிங்டன் என்னும் மலையில் 1869-இல் அத்தகைய பாதை ஒன்று அமைந்திருந்தது. 1876-இல் ரிக்கன்பாக் நீலமலைக்கும் அம்முறையில் பாதை அமைத்துத் தருவதாகத் துரைத்தனத்தாரிடம் கேட்டுக்கொண்டார். அவர் கோரிய சலுகைகளைத் துரைத்தனத்தார் ஏற்கவில்லை.

அவ்வாண்டை மறவாது குறித்துக்கொள்ளுதல் வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு அது. கோயமுத்தூர், சேலம் சில்லாக்களில் ஊர்கள் பாழாயின. கூழுக்கும் வழியின்றிக் குடிகள் மலைத் தோட்டங்களை நாடி ஏறினர். தோட்டக்காரர்க்கோ வேறு கவலை. காப்பிச் செடியை இலைநோயும் தண்டு துளைக்கும் வண்டும் அழித்தன, விலையும் வீழ்ந்தது. வயநாட்டுத் தென்கிழக்குப் பகுதி, அதாவது கூடலூருக்கு மேற்கேயுள்ள தேவாலா, பந்தலூர், சேரங்கோடு முதலிய நிலப்பரப்பு, 1877-இல் மலபாரினின்றும் பிரித்து நீலமலையோடு இணைக்கப்பட்டது. அங்குத்தான் தோட்டக்காரரின் கண் காப்பிச் செடியை விட்டு அதன் வேரின் கீழுள்ள கல்லின்மேல் விழுந்தது.

அந்நிலத்தில் பொன் உண்டென்பது அங்குள்ளார்க்குப் பழைய செய்தி. மழை பெய்து ஓய்ந்தபின் ஓடை மணலைத் தட்டிலிட்டு அலசி, பொன்துகள் எடுக்கும் தொழிலைக் குறும்பரும் பணியரும் செய்து வந்தனர். பணியர் நிலவுடைமையாளரிடம் அடிமைப்பட்டிருந்தவர். அவர் அலசிய பொன் அவர்க்குரியதன்று. குன்றுகளிலோ பழங்காலத்தவர் வெட்டிய குழிகளும் குடைவுகளும் நூற்றுக்கணக்கில் இருந்தன. யார் வெட்டினர், எந்நூற்றாண்டில் வெட்டினர் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. 1831-இல் கும்பினித் துரைத்தனம் ஓர் இராணுவ அதிகாரியை அனுப்பிப் பார்த்தது, பெரும்பயன் காணவில்லை. பின்னர் ஆஸ்திரேலியப் பொன்வயல்களிற் பழகிய சிலர் வந்து தேடினர். 1874-இல் ஆல்பா என்னும் கம்பெனி தேவாலா அருகே வேலை தொடங்கியது. 1875-இல் நிலப்பொருள் ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் வந்து பார்த்து அறிக்கை எழுதினார். அதன்பின் துரைத்தனத்தார், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா நாட்டிற் சுரங்கத் துறையிலே பெயர் பெற்றிருந்த புரோ ஸ்மித் என்பாரை வரவழைத்தனர். அவருடைய அறிக்கை 1880-இல் வெளியாயிற்று. அது நம்பிக்கையூட்டும் அறிக்கை.

அவ்வளவே வேண்டியிருந்தது. இலண்டன் மாநகரில் வயநாடு என்னும் சொல்லே மந்திரமாயிற்று. 1879-ஆம் ஆண்டு இறுதிக்கும் 1881-க்கும் இடையே நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் இந்தியப் பொன்னுக்கென அங்கே பதிவாயின. அவற்றுட் பெரும்பாலானவை வயநாட்டுக்குரியவை. அவற்றின் மொத்தப் பெயரளவு முதல் ஐம்பது இலட்சம் பவுனை எட்டியது. அச்சிட்ட தொகை வேறு, கட்டப்பட்ட தொகை வேறு என்பதை நம் வணிகப் பெருமக்கட்கு யான் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் கட்டப்பட்டதும் சிறிதன்று. அதிற் பெரும்பகுதி, நோயுற்ற காப்பித் தோட்டங்களைப் பொன்விலைக்கு விற்றவர் கைக்குப் போயிற்று. விற்றவர் பலர் கம்பெனி அமைத்தவராகவும் இருந்தனர். இதனையே அந்நாளைய ஏடுகள் வெளிப்படையாகக் குறை கூறின.

காட்டு வழியாயிருந்த பந்தலூரும் தேவாலாவும் ஓராண்டில் ஊர்களாயின. வெள்ளையர் வீடுகளும் கடைகளும் எழுந்தன. கல்லை இடிக்கும் பெரும் இரும்பு உலக்கைப் பொறிகளைக் கப்பலில் ஏற்றி மேலைக் கரையில் இறக்கி, நிலம்பூர் வழியே கார்க்கூர்க் கணவாயில் மாடுகளைப் பூட்டியும் ஆள்களைக் கொண்டும் இழுத்தேற்றினர். ஓர் உலக்கைப் பொறி மலையேறுவதற்குள் எத்தனை மாடுகள் மாண்டனவோ! தேவாலா தமிழ்நாட்டிலேயே மிக்க மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. ஆனியிற் பிடித்தால் புரட்டாசி வரையில் விடாது. மழை விட்டபின் காய்ச்சல் தொடங்கும். கொசுவினாலே மலைக்காய்ச்சல் பரவுகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். 1880-இல் யாரும் அதனை அறியார். காட்டுக் காற்றின் நஞ்சு என்றே கருதினர். துரைமாரும் மாண்டனர், கூலிகளும் மாண்டனர். துரைமார்க்குக் கல்லறைகள் உண்டு.

பொன் ஏன் கிடைக்கவில்லை என்பதே கேள்வி. பொன் இல்லாமலில்லை, போதவில்லை. சோதனைக்கென எடுத்த கற்கள் மிகுந்த பொன்னைக் காட்டின. பொறிகளில் இட்டு இடித்தபோதோ ஒரு டன் கல்லுக்குக் கால் அவுன்சும் தேறுவது அரிதாயிற்று. செலவோ அதனினும் மிகுதி. இதற்குக் காரணம் அப்பழங்குழிகளிலேயே இருந்தது. வெள்ளைக்கல் எனப்படும் படிகப்பாறையில் பொன்னானது கந்தகமும் இரும்பும் கலந்த ஒருவகைத் தாதுவோடு கலந்து கிடக்கும். மேற்பரப்பில் வெயிலும் மழையும் காலங்காலமாய்த் தாக்க, அத்தாது கரைந்து நீங்கிப் பொன் தனித்து நிற்கும். பாறையும் நெகிழ்ந்து உடைக்க எளிதாகும். பழையோர் அம்மேற்பகுதியைத் தேடித் தேடி உண்டு, கீழே பாறை இறுகிப் பொன் ஒளித்த இடத்தில் நிறுத்திவிட்டனர். வந்தவர்களோ, இரும்புக் கருவியும் வெடிமருந்தும் இல்லாதவரே இத்தனை குழி வெட்டினரென்றால் கீழே எத்தனை பொன் இருக்கும் என்று கணக்கிட்டனர். நிறுத்தியவர் அறியாமையால் நிறுத்தினர் என்று எண்ணியது பெரும்பிழை. முன்னோர் ஒரு செயலை விட்டதற்குக் காரணம் இருக்குமோ என்று ஒருமுறை ஐயுற்றிருப்பின் ஐம்பது இலட்சத்தில் ஒரு பகுதியாவது தப்பியிருக்கும் என்பது என் கருத்து.

சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாய் முறிந்தன. பொறிகள் பல பூட்டப்படாமலே காட்டில் துருவேறின. 1901-இல் நிலப்பொருள் ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த ஹேடனும் ஹாட்ச்சும் மறுபடி அளந்து, ஊதியம் தரும் அளவு பொன் இல்லையென முடிவு கூறினர். கோலாரிலும் அதே காலத்தில் அதே ஆசையோடுதான் தோண்டினர். அங்கும் முதலிலே நட்டமே. 1880-களின் நடுவில் சாம்பியன் பாறைத் தொடரைக் கண்டபின் அது உலகப் புகழ் பெற்றது. இரண்டு மைல் ஆழம் வரை தோண்டப்பட்டது. வடஆற்காட்டினின்றும் சேலத்தினின்றும் சென்ற தமிழ்க்குடிகள் அங்கே நான்கு தலைமுறை உழைத்தனர். அச்சுரங்கமும் 2001-இல் மூடப்பட்டது. ஒரே பஞ்சத்திற் பிறந்த இரண்டு ஆசைகளுள் ஒன்று பலித்தது, ஒன்று பொய்த்தது. வயநாட்டிலே பேராசை மிகுதி, கோலாரிலே குறைவு என்று சொல்ல இயலாது. பாறை வேறு, அவ்வளவுதான்.

இப்பொழுது கிழக்குச் சரிவுக்குத் திரும்புவோம். பொன்மயக்கம் உச்சத்திலிருந்த 1880-இல் ரிக்கன்பாக் தாமே நீலமலைக்கு வந்தார். சில்லா எஞ்சினியராயிருந்த மொரண்ட் என்பாரோடு சேர்ந்து மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை வழி ஆராய்ந்து, 1,32,000 பவுன் செலவாகும் எனக் கணக்கிட்டார். ஓர் உள்ளூர்க் கம்பெனி அமைந்தது. இலண்டனில் அதற்குப் பங்கு எடுப்பார் இல்லை. பொன் என்றவர்க்கு ஐம்பது இலட்சம் கையெழுத்திட்ட நகரம், அதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கினை ஒரு பாதைக்குத் தர மறுத்தது. பாதை கட்டினால் வட்டி நூற்றுக்கு நான்கு வருமோ ஐந்து வருமோ என்றே கேட்டனர். பொன்னுக்கு அக்கேள்வியை ஒருவரும் கேட்டிலர். திருப்பணிக்கு நிதி திரட்டிய அன்பர்கள் இவ்விடத்தில் ஒரு புன்முறுவல் பூப்பார்கள் என எண்ணுகிறேன்.

1885-இல் இருபத்தைந்து இலட்சம் ரூபாய் முதலோடு புதிய நீலகிரி ரயில்வேக் கம்பெனி தோன்றியது. ஒப்பந்தம், நிலம், வட்டிப் பொறுப்பு என்று பேச்சிலேயே ஆண்டுகள் கழிந்தன. 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கி வைத்தார். மூன்றே ஆண்டுகளில், 1894 ஏப்ரலில், பணம் தீர்ந்து அக்கம்பெனியும் கலைந்தது. பாதி வெட்டிய மலையும் பாதி கட்டிய பாலமும் மழையில் நின்றன. அந்நாளிற் கண்டவர், தேவாலாவுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்றே கேட்டிருப்பர். வேற்றுமை இருந்தது: வெட்டிய அளவு வழி வெட்டப்பட்டே இருந்தது, பாறையில் ஒன்றுமில்லாமற் போனாலும் பாதையாகத்தான் அது இருக்கும். 1896-இல் வேறொரு கம்பெனி அவ்வேலையை ஏற்றது. 1899 சூன் மாதத்தில் குன்னூருக்கு முதல் வண்டி ஏறியது. சென்னை ரயில்வேயார் அதனை நடத்தினர். 1903-இல் துரைத்தனத்தார் முப்பத்தைந்து இலட்சம் ரூபாய்க்கு அப்பாதையை விலைக்கு வாங்கினர். குன்னூரினின்றும் உதகை வரையுள்ள பகுதி 1908 அக்டோபரில் திறக்கப்பட்டது. எண்ணம் எழுந்த ஆண்டு முதல் எண்ணினால் ஐம்பத்து நான்கு ஆண்டுகள்.

ரிக்கன்பாக்கின் ஏணிப்பற்களை விட்டு, ரோமன் ஆப்ட் என்னும் மற்றொரு சுவிட்சர்லாந்துப் பொறியறிஞரின் முறையே இறுதியில் கைக்கொள்ளப்பட்டது. அதன் நுட்பத்தைச் சிறிது கூறுகிறேன். ஏறிச் செல்வோர் குனிந்து பார்த்தால் கண்ணுக்குப் புலனாவதே. தண்டவாளங்களின் நடுவே இரண்டு பற்சட்டங்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்றன் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம் இருக்குமாறு முன்பின்னாகப் பதித்துள்ளனர். எஞ்சினின் அடியிலுள்ள இரட்டைப் பற்சக்கரங்களில் ஒன்றன் பல் விடுபடும்போதே மற்றதன் பல் கவ்விக்கொண்டிருக்கும். ஆதலின் ஒரு கணமும் பிடி நழுவுவதில்லை. கைப்பிடிக் கயிற்றைப் பற்றி ஏறுவோன் ஒரு கையை விடுமுன் மறு கையால் பற்றுவது போன்றதே இது. எஞ்சின் முன்னே இழுப்பதில்லை. பெட்டிகளுக்குக் கீழ்ப்புறமாய் நின்று மேல்நோக்கித் தள்ளுகிறது. பெட்டியொன்று தப்பினாலும் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்பது கருத்து. பெட்டிகள் ஒவ்வொன்றிலும் தடைபிடிக்க ஆள் நிற்பர். கொடி காட்டியே ஒருவருக்கொருவர் செய்தி சொல்வர்.

கல்லாறு நிலையம் வரை வண்டி சமவெளியில் ஓடுகிறது. கல்லாற்றிலே பற்சட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை ஏறக்குறைய பன்னிரண்டு மைல், பன்னிரண்டடிக்கு ஓரடி வீதம் ஏற்றம். குன்னூருக்கு மேல் ஏற்றம் குறைவு, இருபத்தைந்தடிக்கு ஓரடி. அங்குப் பற்சட்டம் இல்லை. மொத்தம் 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குடைவுகள். கீழே கல்லாறு, மேலே காட்டேரி என நம் பெயர்கள் நிற்க, இடையே ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வேற்றுநாட்டுப் பெயர்கள். பயணிகளுக்காக அன்று, எஞ்சினுக்கு நீர் ஊட்டுதற்காகவே அவ்விடங்களில் வண்டி நிற்கும். யான் முதன்முறை சென்றபோது ஹில்குரோவில் எஞ்சின் நீருண்ண, குரங்குகள் எங்கள் கட்டுச்சோற்றை உண்டன.

இப்பாதையை வெட்டியவர் யாவர்? கவர்னர் பெயர் ஏட்டில் உண்டு. எஞ்சினியர் பெயர் உண்டு. கம்பெனித் தலைவர் பெயர் உண்டு. பாறையிலே கயிற்றிற் கட்டித் தொங்கி வெடிக்குழி துளைத்தவன் பெயர் ஒன்றும் யான் கண்டதில்லை. மலையடிவாரக் காய்ச்சல் கல்லாற்றிலும் தேவாலாவைப் போலவே கடுமை. நம் கொங்குக் கோயிற் கல்வெட்டுகளைப் படித்தோர் அறிவர்: நுந்தா விளக்குக்கு ஒரு பொன் அளித்தவளின் பெயரும், திருப்பள்ளித்தாமம் தொடுத்தவனின் பெயரும், அவன் ஊரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுக்குமுன் செய்த அந்நன்றியை நூற்றுமுப்பது ஆண்டுக்குமுன் செய்தாரில்லை. இத்திருக்கோயில் திருப்பணியிலும் கல் சுமந்தோர், சாரம் கட்டினோர், சுதை வேலை செய்தோர் பெயர்களை இம்மலரில் நன்கொடையாளர் பெயர்களோடு சேர்த்து அச்சிடுமாறு குழுவினரை வேண்டிக்கொண்டேன். அவர்கள் இசைந்தார்கள்.

பாதை வந்தபின் மலை மாறிற்று. தேயிலையும் கிழங்கும் கீழிறங்கின. அரிசியும் துணியும் மேலேறின. அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1904-ஆம் ஆண்டளவில் எழுந்தது. காட்டேரி அருவியின் நீரே அதற்கு மின்விசை தந்தது. அது ஒரு முன்னறிகுறி. மலையின் வடபுறத்தே பைக்காரா ஆற்றை மறித்துக் குழாய்களிற் செங்குத்தாய் இறக்கி மின்விசை எடுக்கும் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கோயமுத்தூர் நூற்பாலைகள் பெருகியதும், நம் தோட்டத்துக் கிணறுகளிற் கமலை நின்று மின்பொறி வந்ததும், திருப்பூர்ப் பின்னற்பொறிகள் சுழன்றதும் அவ்விசையால். இலண்டன் பங்குதாரர் மேற்குச் சரிவிலே கல்லை இடித்துத் தேடியது இங்குக் கிழக்குச் சமவெளிக்குக் கம்பி வழியே வந்தது என்று சொன்னால் அணிநயம் மிகுதி எனச் சிலர் கூறலாம். ஆயின் இந்நகரின் கணக்கேடுகளை உடையோர் அதனை மறுக்கமாட்டார்.

தேவாலாவும் பந்தலூரும் பின்னர்த் தேயிலை நிலமாயின. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இலங்கைத் தோட்டங்களினின்றும் திரும்பிய நம் தமிழ்க்குடிகளுக்கு வாழ்வளிக்க, 1968 முதல் அரசினர் அப்பகுதியிலே தேயிலைத் தோட்டங்களை அமைத்தனர். பஞ்சத்திலே கடல் கடந்தவர்தம் பேரரும் கொள்ளுப்பேரரும் அவர்கள். நம்பலக்கோட்டையில் வேட்டைக்கொருமகன் கோயில் இன்றும் உள்ளது. வேட்டுவ வடிவெடுத்த சிவபெருமானின் மைந்தனாக மலைநாட்டார் வழிபடும் தெய்வம் அது. பூண்டியிலே வேடராய் வந்தவற்றின் நினைவு எனக்கு அங்கு வந்தது.

பழஞ்சுரங்கங்கள் மட்டும் அடங்கவில்லை. பிழைப்புக்கு வழியற்றோர் சிலர், அக்குடைவுகளில் இரவிலே இறங்கிக் கல்லைச் சுமந்து வந்து, இடித்து அலசிப் பொன்துகள் தேடிவந்துள்ளனர். மண் சரிந்து உயிரிழந்தாரும் உண்டு. வனத்துறையினர் வாயில்களை மூட, வேறு வாயில்கள் தோன்றின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் காய்ச்சலில் மாண்டவர்க்கும் இவர்க்கும் கூலி ஏறத்தாழ ஒன்றே. அக்குழிகளை நிலையாக மூடி, இறங்குவோர்க்கு வேறு தொழில் காட்டுதல் அரசினர் கடன். பொருளுடையோர் கடனும் ஆகும்.

மலைவண்டியோ 2005-இல் உலக நாடுகளின் மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 1914 முதல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிற் செய்து வருவித்த எஞ்சின்களும், 1952-இல் வந்தவையும் முதுமையுற்றன. அவற்றைப் போன்றவற்றைச் செய்யும் தொழிலகம் அந்நாட்டில் இல்லையாயிற்று. வார்ப்புகளையும் பற்சக்கரங்களையும் அளந்து, வரைந்து, நம் நாட்டிலேயே புதிதாய்ச் செய்யத் துணிந்தனர். அவ்வாறு முழுதும் இங்கே செய்த முதல் நீராவி எஞ்சின் 2011-இல் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தது. அதனைச் செய்தளித்த தொழிற்சாலை திருச்சிராப்பள்ளியை அடுத்துள்ளது. அவ்வூரின் பெயர் பொன்மலை.